நிறுத்திய மூன்றாம் நாள்

வாசகர் கேள்வி – மனநல மருத்துவர் பதில்

மீன்பிடித் தடைக்காலம் நெருங்கும்போதெல்லாம் இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து குடி தொடர்பான கடிதங்கள் கூடுதலாக வருகின்றன. இம்முறை அவற்றுள் குடியை நிறுத்துவது பற்றி எழுதப்பட்டவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன, எழுதியவர்களின் பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

என் கணவருக்கு 43 வயது. விசைப்படகில் கூலிக்குக் கடலுக்குப் போகிறார். பதினைந்து ஆண்டுகளாகக் குடிக்கிறார். மூன்று ஆண்டுகளாகக் காலையில் எழுந்ததும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டால்தான் கை நிற்கிறது. இந்த ஆண்டு சாம்பல் புதனன்று கோயிலுக்குப் போய்விட்டு வந்து, இனித் தொடமாட்டேன் என்று பிள்ளைகள் தலையில் கை வைத்துச் சொன்னார். அன்று மாலையே கை நடுங்கியது. தேநீர்க் குவளையை இரண்டு கையால் பிடித்தும் சிந்தியது. வியாழன் முழுவதும் வியர்வையும் வாந்தியும். பொட்டுத் தூக்கம் இல்லை. வெள்ளி இரவு போர்வையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, வலையிலிருந்து நண்டு கழற்றுவதைப் போலப் பிய்த்துப் பிய்த்து வெறும் கையை என்னிடம் நீட்டினார். "கூடையை இங்கிட்டுத் தள்ளு" என்று சத்தம் போட்டார். என்னை யாரென்று தெரியவில்லை. காத்து கருப்பு அடித்துவிட்டது, கட்டி ஏர்வாடி தர்காவுக்குக் கொண்டுபோகலாம் என்றார் மாமியார். கொழுந்தன் ஒரு குவார்ட்டர் வாங்கி வந்து பாதியை வாயில் ஊற்றினார். விடியற்காலையில் கொஞ்சம் அடங்கித் தூங்கினார். இப்போது பழையபடி குடிக்கிறார். "விட்டால் செத்துப்போவேன், நீதான் கண்ணால் பார்த்தாயே" என்கிறார். உண்மையா, ஐயா?
– தங்கச்சிமடம் வாசகி

அம்மா, அவர் சொல்வதில் பாதி உண்மை. நீண்ட காலம் நாள்தோறும் மிகுதியாகக் குடித்த ஒருவர், எந்த மருத்துவ ஏற்பாடும் இல்லாமல் ஒரே நாளில் நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரக்கூடும். ஆகவே குடித்துக்கொண்டே இருப்பதுதான் பிழைக்கும் வழி என்று அவர் அதிலிருந்து எடுத்துக்கொண்ட முடிவு மட்டும் தவறு. அவரை இந்த அளவுக்கு அச்சுறுத்திய அதே மூன்று நாட்களை, மருந்தின் துணையோடு வார்டில் படுத்துக் கடந்துவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அவர் உடலுக்குள் என்ன நடந்தது என்பதை உங்கள் ஊர்க் காட்சியை வைத்தே சொல்கிறேன். நங்கூரத்தைப் போட்டுவிட்டு எஞ்சினையும் ஓடவிட்ட ஒரு படகை நினைத்துக்கொள்ளுங்கள். மது மூளைக்கு நங்கூரம். மூளையை அமைதிப்படுத்தும் 'காபா' என்ற வேதிப்பொருளின் வேலையை அது கூட்டுகிறது. மூளையைத் தூண்டும் 'குளுட்டமேட்' என்ற பொருளின் வேலையைக் குறைக்கிறது. இந்த இழுவை நாள்தோறும் இருப்பதால், அதை மீறி அன்றாட வேலையைச் செய்வதற்காக மூளை தன் எஞ்சினை ஆண்டுக்கணக்கில் மேலும் மேலும் முடுக்கி வைத்துக்கொள்கிறது. அப்படி முழு வேகத்தில் உறுமிக்கொண்டிருக்கும் படகின் நங்கூரக் கயிற்றை ஒரே வெட்டில் அறுத்தால் என்ன ஆகும்? நடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை, வலிப்பு, பிதற்றல் அனைத்தும் அந்தப் பாய்ச்சலின் வெவ்வேறு அளவுகளே. மன உறுதி குறைவதால் கை நடுங்குவதில்லை. இதை உங்கள் மாமியாருக்கும் கொழுந்தனுக்கும் அவசியம் படித்துக் காட்டுங்கள்.

நீங்கள் எழுதியிருக்கும் நாள் கணக்கு, நாங்கள் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் கணக்கோடு அப்படியே பொருந்துகிறது. கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து கை நடுக்கம், வாந்தி, வியர்வை, பதற்றம் ஆகியவை தொடங்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் வரும். முன்பு ஒருபோதும் வலிப்பு வராதவருக்கும் வரலாம். 48 மணியிலிருந்து 96 மணிக்குள்தான், அதாவது மூன்றாவது, நான்காவது நாட்களில்தான், 'டெலிரியம் ட்ரெமன்ஸ்' எனப்படும் நடுக்கப் பிதற்றல் வரும். செவ்வாய் இரவு கடைசியாகக் குடித்தவருக்கு வெள்ளி இரவு வந்தது அதுதான். நிறுத்தியதால் தொல்லை காண்பவர்களில் 100க்கு ஏறத்தாழ 5 பேர் இந்த நிலை வரை போகிறார்கள். இதற்குத் தக்க மருந்து இல்லாத காலத்தில் அப்படிப் போனவர்களில் மூன்றில் ஒருவர் வரை இறந்திருக்கிறார்கள். இன்று உரிய நேரத்தில் சிகிச்சை பெறுவோரில் அது 100க்கு 5க்கும் கீழே இறங்கிவிட்டது. காய்ச்சல் ஏறி, இரத்த அழுத்தம் எகிறி, உடலின் நீரும் உப்பும் வற்றி, இதயத் துடிப்பு தாறுமாறாகித்தான் பெரும்பாலும் உயிர் போகிறது. சளிக்காய்ச்சலோ வேறு தொற்றோ கூடச் சேர்ந்துகொண்டால் ஆபத்து இரட்டிக்கும்.

1813இல் தாமஸ் சட்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் இந்த நோய்க்குப் பெயர் வைத்தார். ஆனால் இது குடியால் வருகிறதா, குடியை நிறுத்துவதால் வருகிறதா, குடிப்பவர்கள் சரியாகச் சாப்பிடாததால் வருகிறதா என்ற வாதம் அதன் பின்னும் நூறு ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. 1955இல் அமெரிக்காவின் லெக்சிங்டனில் ஹாரிஸ் இஸ்பெல் குழுவினர், சிலருக்கு நல்ல உணவும் வைட்டமின்களும் கொடுத்தபடியே வாரக்கணக்கில் குடிக்கவைத்து, பிறகு திடீரென நிறுத்திப் பார்த்தார்கள். வலிப்பும் வந்தது, பிதற்றலும் வந்தது. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காத சோதனை அது; ஆனாலும் நிறுத்துவதே காரணம் என்பது அதனால் உறுதிப்பட்டது.

இனி அந்த நண்டு. இந்தப் பிதற்றலில் இருப்பவர்கள் பல நேரங்களில் தங்கள் தொழிலையே செய்வார்கள். தையல்காரர் இல்லாத ஊசியில் இல்லாத நூலைக் கோப்பார். நடத்துநர் பயணச்சீட்டுக் கிழிப்பார். ஒருமுறை என் வார்டில் இருந்த நாட்டுப்படகுக்காரர் ஒருவர், கையில் ஏறிக்கொண்டிருந்த குளுக்கோஸ் குழாயைத் தூண்டில் கயிறாக எண்ணி, ஆள்காட்டி விரலில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, மீன் கடிக்கிறதா என்று மெல்ல மெல்லச் சுண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போன செவிலியரைப் பேசாமல் இருக்கும்படி உதட்டில் விரல் வைத்துச் சைகை காட்டினார். நான்கு நாள் கழித்து அவரிடம் இதைச் சொன்னபோது வெட்கப்பட்டுச் சிரித்தார். எதுவும் அவர் நினைவில் இல்லை. பேய் பிடித்தவருக்குத் தூண்டில் எதற்கு அம்மா? ஆண்டுக்கணக்கில் பழகிய கை, மூளை குழம்பிய வேளையில் தன் வேலையைத் தானே செய்கிறது.

தர்காவுக்குப் போவதை நான் ஒருபோதும் தடுத்ததில்லை. மருந்தும் துஆவும் சேர்ந்தே நடக்கட்டும் என்ற எண்ணத்தில்தான் ஏர்வாடியிலேயே அரசின் மனநல மருத்துவ உதவி கிடைக்கிறது. ஆனால் 'கட்டி' என்ற ஒரு சொல்லை மட்டும் விட்டுவிடுங்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியற்காலையில் ஏர்வாடியில் தனியார் ஒருவர் நடத்திய காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டு ஓட வழியில்லாமல் 28 பேர் இறந்தார்கள். இந்த மாவட்டத்து மருத்துவர்கள் எவரும் மறக்க முடியாத நாள் அது. அது ஒருபுறம் இருக்க, நடுக்கப் பிதற்றலில் இருப்பவரைக் கயிற்றால் கட்டினால் அவர் திமிறத் திமிற உடற்சூடு ஏறும், தசைகள் சிதையும், சிறுநீரகம் பழுதாகும். முதல் நான்கு நாள் மருத்துவமனையில். தொழுகையும் நேர்ச்சையும் அவர் தெளிந்து எழுந்த பிறகு, அவருடைய சொந்தக் காலில் நடந்து போய்.

கொழுந்தன் செய்ததைக் குறை சொல்ல மாட்டேன். நடுராத்திரியில் அவருக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். ஆனால் நினைவு தடுமாறிக் கிடப்பவரின் வாயில் எதை ஊற்றினாலும் அது நுரையீரலுக்குள் இறங்கலாம். பிதற்றல் முற்றிவிட்ட பிறகு மது அதை மாற்றும் என்பதற்கும் உறுதியில்லை. உங்களுக்கு அன்று அமைந்தது நல்வாய்ப்பு. இன்னொன்றும் இருக்கிறது. ஒவ்வொரு முறை திடீரென நிறுத்தி மீண்டும் தொடங்கும்போதும் மூளை முன்னைவிட எளிதில் கொதிக்கப் பழகுகிறது. முதல் முறை நடுக்கத்தோடு போனவருக்கு மூன்றாம் முறை வலிப்பு வருவதும், வலிப்பு வந்தவருக்கு அடுத்த முறை பிதற்றல் வருவதும் நாங்கள் அடிக்கடி காண்பவை. ஆகவே உங்கள் கணவர் இனி ஒரு நாள்கூட வீட்டில் வைத்து 'விட்டுப் பார்க்க' வேண்டியவர் அல்லர்.

செய்ய வேண்டியது இது. நாளைக்கே நிறுத்து என்று அவரை நெருக்காதீர்கள். அளவைக் கூட்டவும் விடாதீர்கள். அவர் குடித்துக்கொண்டிருக்கும் நிலையிலேயே மருத்துவமனைக்கு அழைத்துவந்து, நிறுத்தும் நாளை மருத்துவரோடு சேர்ந்து குறியுங்கள். 2022 முதல் இராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது; அதன் மருத்துவமனையின் மனநலப் பிரிவிலேயே இதைச் செய்துகொள்ளலாம். அங்கே குளோர்டயசிபாக்சைடு போன்ற ஒரு மருந்தை முதல் நாள் போதிய அளவு கொடுத்து, அறுந்த நங்கூரத்துக்குப் பதிலாகத் தற்காலிகமாக ஒன்றைக் கட்டுவோம். பிறகு 5 முதல் 7 நாட்களுக்குள் சிறிது சிறிதாகக் கயிற்றை விட்டுக்கொடுத்து முற்றிலும் நிறுத்திவிடுவோம். கல்லீரல் கெட்டிருந்தால் மருந்து மாறும், லோரசிபாம் கொடுப்போம். இவற்றைக் கடையில் நீங்களாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். இந்த மாத்திரையும் மதுவும் ஒன்றாக உள்ளே போனால் மூச்சே நின்றுவிடலாம்.

இவ்வளவும் எழுதுவது எல்லாக் குடிகாரர்களையும் பயமுறுத்துவதற்காக அன்று. எப்போதோ ஒரு திருவிழாவுக்கு, ஞாயிற்றுக்கிழமைக்கு என்று குடிப்பவர் நாளைக் காலையே நிறுத்தலாம்; தலைவலியோடு போய்விடும். நாள் தவறாமல் குடிப்பவர், காலையில் குடித்தால்தான் கை நிற்கிறது என்பவர், முன்பு நிறுத்தியபோது வலிப்போ பிதற்றலோ வந்தவர், தூக்க மாத்திரையும் சேர்த்துப் பழகியவர், வேறு நோயால் உடல் நைந்தவர் ஆகியோரைப் பற்றியே பேசுகிறேன். இவர்கள் விரும்பி நிறுத்தினாலும் சரி, கடை மூடியதால் நிறுத்த நேர்ந்தாலும் சரி, உடலுக்கு இரண்டும் ஒன்றுதான். சபரிமலைக்கு மாலை போடும் கார்த்திகை முதல் தேதி, தவக்காலம், குடியை விடுவதற்காகக் கோயிலில் கயிறு கட்டிக்கொள்ளும் நாள், தேர்தலுக்கு முன் 48 மணி நேரம் கடையடைப்பு, எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு இலங்கைச் சிறையில் கழியும் முதல் வாரம் ஆகிய எல்லாவற்றிலும் இந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். 2020 மார்ச் 24 மாலை டாஸ்மாக் கடைகள் மூடப்பட்டு மே முதல் வாரம் வரை திறக்காமல் இருந்தபோது, எங்களிடம் வலிப்போடு வந்தவர்கள் பலர் தாமாக நிறுத்தத் துணிந்தவர்கள் அல்லர்.

என் அப்பா வண்டியில் விழுந்து கால் எலும்பு முறிந்து ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். அறுவைச் சிகிச்சை நன்றாக முடிந்தது. மூன்றாம் நாள் இரவு கட்டைப் பிய்த்துக்கொண்டு எழுந்து ஓடப் பார்த்தார். சுவரில் பூச்சி ஊர்கிறது என்றார். ஊசி மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று நாங்கள் சண்டையிட்டோம். பிறகு வந்த மருத்துவர், "இவர் குடிப்பாரா?" என்று கேட்டார். முதலில் கேட்டபோது "கொஞ்சம்" என்று சொல்லியிருந்தோம். நாங்கள் சொல்லாததுதான் தவறா?
– தேவிபட்டினம் வாசகர்

தம்பி, கேட்டவர்களும் இன்னும் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டிருக்கலாம். 'கொஞ்சம்' என்பதற்கு நம் ஊரில் அளவே கிடையாது. ஒரு வீட்டில் அது வாரத்துக்கு ஒரு பியர். இன்னொரு வீட்டில் நாளைக்கு மூன்று குவார்ட்டர். நானும் பணிக்கு வந்த புதிதில் 'கொஞ்சம்' என்று கேட்டு 'கொஞ்சம்' என்றே எழுதி வைத்து ஏமாந்தவன்தான். இப்போது, "காலையில் எழுந்ததும் வேண்டுமா? கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு? கடை மூடியிருந்த நாளில் என்ன செய்தீர்கள்?" என்று கேட்கிறேன். மூன்றாவது கேள்விக்கு மனைவி பதில் சொல்லிவிடுவார்.

அளவைச் சொல்லும் முறை எளிது. ஒரு குவார்ட்டர் 180 மில்லி. அதில் ஏறத்தாழ 60 கிராம் சுத்தமான ஆல்கஹால் இருக்கிறது. குடியை அளக்க மருத்துவத்தில் 10 கிராமை ஓர் அலகாகக் கொள்வது வழக்கம். ஆக ஒரு குவார்ட்டர் ஆறு அலகு. உங்கள் அப்பா பகலில் ஒன்றும் இரவில் ஒன்றும் குடிப்பவரானால் பன்னிரண்டு அலகு. "நாளைக்கு இரண்டு குவார்ட்டர், பத்து வருடமாக" என்று நீங்கள் முதல் நாளே சொல்லியிருந்தால், கால் அறுவைச் சிகிச்சைக்கு முன்பே நடுக்கத்துக்கான மருந்தும் வைட்டமின் ஊசியும் தொடங்கியிருப்பார்கள். அந்த இரவு வந்திருக்காமலே போயிருக்கலாம்.

சொல்லாததற்கு மானம் ஒரு காரணம், காப்பீட்டுப் பணம் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம் இன்னொரு காரணம் என்பது எனக்குத் தெரியும். சத்தமாகச் சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு துண்டுத் தாளில் எழுதி மருத்துவர் கையில் கொடுங்கள். எலும்பு முறிவு, குடலிறக்கம், நெஞ்சுவலி, டெங்கு என எதற்காகச் சேர்த்தாலும் சரி, நாள்தோறும் குடிப்பவர் படுக்கையில் விழுந்த நேரத்திலிருந்தே அவருடைய கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது. காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போதே மூன்றாம் நாள் வந்துவிடும். மயக்க மருந்து கொடுப்பவருக்கும் இது தெரிந்தாக வேண்டும். நெடுநாள் குடித்தவருக்கு மருந்தின் அளவே மாறக்கூடும்.

ஊசியை மாற்றிப் போட்டார்களா என்பதை உங்கள் கடிதத்தை வைத்து நான் சொல்ல முடியாது. மூன்றாம் நாள் இரவு, சுவரில் பூச்சி, எழுந்து ஓடுதல் ஆகிய மூன்றும் சேர்ந்திருப்பதால் வேறு காரணம் தேட வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை.

குடியை நிறுத்திச் சோர்ந்து கிடந்தால் ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றினால் போதும் என்கிறார்கள். எங்கள் பக்கம் பதநீரும் இளநீரும் தாராளமாகக் கிடைக்கின்றன. அவையே போதாதா?
– சாயல்குடி வாசகர்

பதநீரும் இளநீரும் தாகத்துக்கு நல்லவை. வாந்தி நின்ற பிறகு தாராளமாகக் கொடுக்கலாம். வலிப்பையோ பிதற்றலையோ அவை தடுக்க மாட்டா. சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு இளநீரில் உள்ள பொட்டாசியம் கெடுதலாகவும் முடியும். பனை மரத்தடியில் பதநீர் என்று தொடங்கிச் சில மணி நேரத்தில் அதுவே கள்ளாகப் புளித்துவிடும் என்பதை உங்கள் ஊர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பாட்டில் விவகாரம் அதைவிடத் தீவிரமானது. நாள் முழுவதும் குடிப்பவர் சோறு உண்பது குறைவு. உண்டாலும் தீட்டிய அரிசிச் சோறும் ஊறுகாயும்தான். உண்ட சிறிதிலும் தயமின் எனப்படும் பி1 வைட்டமினைக் குடல் உறிஞ்சவிடாமல் மது தடுக்கிறது. உடலில் இதன் இருப்பு சில வாரங்களுக்கு மட்டுமே வரும். சர்க்கரையை எரித்து மூளைக்குச் சக்தியாக மாற்றத் தயமின் வேண்டும். அது காலியாகிக் கிடக்கும் உடலில் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால், எஞ்சியிருக்கும் சொற்பத் தயமினும் தீர்ந்துபோய் மூளையின் நடுப்பகுதி பழுதாகிறது. கண் ஓரிடத்தில் நிற்காமல் ஆடும், இரண்டாகத் தெரியும், நடை தள்ளாடும், பேச்சுக் குழம்பும். குடித்திருக்கிறார் என்றே எல்லாரும் நினைப்பார்கள். 1881இல் கார்ல் வெர்னிக்கே விவரித்த இந்த நோயை அந்த ஓரிரு நாளில் கண்டுபிடித்து மருந்து கொடுத்தால் பெருமளவு மீட்கலாம். விட்டுவிட்டால் நினைவாற்றல் நிரந்தரமாகப் போய்விடும். பழைய கதையெல்லாம் சொல்வார், காலையில் இட்லி தின்றாரா என்று கேட்டால் தெரியாது.

ஆகவே பாட்டில் ஏற்றுகிறவரிடம் தயங்காமல் கேளுங்கள்: "தயமின் ஊசி போட்டாயிற்றா?" குளுக்கோஸுக்கு முன்போ, குறைந்தது கூடவோ அது போக வேண்டும். விலை மிகவும் குறைந்த ஊசி அது. சர்க்கரை அளவு ஆபத்தாக இறங்கியிருந்தால் மட்டும் தயமினுக்காகக் காத்திராமல் குளுக்கோஸ் கொடுத்தாக வேண்டும். அதை அங்கிருக்கும் மருத்துவர் முடிவு செய்யட்டும்.

தெரிந்தவர் ஒருவர் கொடுத்த குடி மறப்பு மாத்திரையை என் அண்ணி அண்ணனுக்குத் தெரியாமல் மீன்குழம்பில் பொடித்துப் போடுகிறார். இரண்டு முறை அவருக்கு முகம் சிவந்து, மூச்சு வாங்கி, வாந்தி எடுத்தது. மருந்து வேலை செய்கிறது என்று அண்ணி மகிழ்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.
– கீழக்கரை வாசகி

உங்கள் பயம் சரி. அந்தக் குழம்பு இன்று இரவு முதல் நிற்க வேண்டும்.

அது பெரும்பாலும் டைசல்பிராம் மாத்திரையாக இருக்கும். மது உடலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப் பொருளாக மாறி, பிறகு அதுவும் சிதைந்து வெளியேறுகிறது. இந்த மாத்திரை அந்த இரண்டாம் படியை அடைத்துவிடுகிறது. குடித்ததும் நச்சு உடம்பில் தேங்கி முகம் சிவக்கும், இதயம் படபடக்கும், இரத்த அழுத்தம் சரியும். மாத்திரை உண்பதை அறிந்து, சம்மதித்து, குடிக்காமல் இருப்பவருக்கு அந்தப் பயமே ஒரு வேலி. அப்படித்தான் நாங்கள் கொடுக்கிறோம். அறியாதவருக்கு அது கண்ணி. என்ன நடக்கிறது என்றே தெரியாமல் வழக்கமான அளவைக் குடிப்பார். இதய நோய் இருந்தால் அங்கேயே இறக்கலாம். கடைசி மாத்திரைக்குப் பின்னும் இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து இருக்கும் என்பதால், நிறுத்திவிட்டோம் என்று அண்ணி வாய்மூடி இருந்துவிடக் கூடாது. அண்ணனிடமோ, முடியாவிட்டால் மருத்துவரிடமோ சொல்லியாக வேண்டும்.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது என்னை உறுத்தியது இன்னொன்று. குடித்தாலே உடம்புக்கு ஆகவில்லை என்று பயந்து அவர் ஒருநாள் தானாகவே சட்டென்று நிறுத்திவிட்டால், மேலே தங்கச்சிமடம் அம்மா எழுதிய மூன்றாம் நாள் அவருக்கும் வரும். அண்ணியின் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் குழம்புச் சட்டி வழியாக இந்த நோயைத் தீர்க்க முடியாது.

கடலுக்குள் இருக்கும்போது ஒருவருக்கு வலிப்பு வந்தால் என்ன செய்வது? சென்ற மாதம் எங்கள் படகில், புறப்பட்ட மறுநாள் வலை இழுக்கும்போது ஓர் ஆள் வெட்டி இழுத்து விழுந்தான். சாவியைக் கையில் கொடுத்தோம்.
– மூக்கையூர், படகு உரிமையாளர்

இரும்பால் ஒரு பயனும் இல்லை. வலை இழுக்கும் வின்ச்சை நிறுத்துங்கள்; ஆளைப் படகின் விளிம்பிலிருந்து நடுத்தளத்துக்கு இழுங்கள்; தலைக்கடியில் மடித்த துணி வையுங்கள்; வெட்டு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாய்க்குள் எதையும் நுழைக்காதீர்கள், தண்ணீரும் வேண்டாம். நேரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, தெளியாமலே மறுபடி வந்தாலோ அவசரம் என்று கொள்ளுங்கள். ஒரே முறை வந்து தெளிந்தாலும் அடுத்த சில மணி நேரத்தில் இன்னொன்று வரக்கூடும். வலை போட்டாயிற்றே என்று பார்க்காமல் கரைக்குத் திரும்புங்கள். படகில் வி.எச்.எஃப். வானொலிக் கருவி இருந்தால் 16ஆம் அலைவரிசையில் சொல்லலாம். கைப்பேசிக்குச் சமிக்ஞை கிடைத்தால் கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093. கரையில் 108 வண்டி காத்திருக்கட்டும்.

படகில் சரக்கு கூடாது என்று நீங்கள் கண்டிப்பாக இருப்பதை எழுதியிருக்கிறீர்கள். அது நல்ல கட்டுப்பாடு. ஆனால் கரையில் காலை மாலை குடிப்பவரை ஏற்றிக்கொண்டு மூன்று நாள் தங்கலுக்குப் போனால், அந்தக் கட்டுப்பாடே அவருக்கு வலிப்பை வரவழைக்கும். ஏற்றுவதற்கு முன் அவர் கைகளை நீட்டச் சொல்லிப் பாருங்கள். விரல் நடுங்கினால் அவர் போக வேண்டிய இடம் கடல் அன்று.

நான்தான் குடிப்பவன். விட வேண்டும் என்று இருக்கிறது. எத்தனை நாள் படுக்க வேண்டும்? வேலை கெடுமா?
– பாம்பன், பெயர் வேண்டாம்

ஒரு வாரம். நீங்கள் விசைப்படகுக்காரர் என்று கடிதத்தில் தெரிகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு எப்படியும் கரையில்தான் நிற்கப்போகிறது. கையில் வேலையில்லாத அந்த நாட்களில்தான் குடி கூடுகிறது என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். முதல் வாரத்தையே இதற்கு ஒதுக்கிவிடுங்கள். அந்த ஒரு வாரத்தில் உடல் தெளியும். திரும்பக் குடிக்கத் தூண்டும் ஏக்கம் அதற்குப் பின்னும் மாதக்கணக்கில் வந்து போகும். அதற்கு நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகளும், ஆலோசனையும், குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் போன்ற குழுக்களும் இருக்கின்றன. புறப்படுமுன் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

வருகிற அன்று தைரியத்துக்காகக் காலையிலிருந்து ஊற்றிக்கொண்டு வராதீர்கள்; அதே போல, மருத்துவர் முன் யோக்கியனாகத் தெரிய வேண்டும் என்று இரண்டு நாள் முன்னதாகவே நிறுத்திவிட்டும் வராதீர்கள். வழக்கமாகக் குடிக்கும் அளவையும் கடைசியாகக் குடித்த மணியையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஏதாவது சாப்பிட்டுவிட்டு, இரவில் கூட இருக்கக்கூடிய ஓர் ஆளை அழைத்துக்கொண்டு, காலை வண்டியில் வாருங்கள்.